கோட்டையும் தேசவழமையும்

யாழ்ப்பாணத்தின் பழைய நீதிமன்றம் எது என்று புலம்பெயர்ந்து வாழும் அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நான் கடலோரக் கோட்டையையே சுட்டிக் காட்டுவேன்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அவர்களது நாற்கோணக் கோட்டையை இடித்து, ஐங்கோண வடிவில் புதிய கோட்டையை எழுப்பினர். முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய அதன் ஐந்து கொத்தளங்களுக்கும் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர். ஆட்சியும் நீதியும் இக்கோட்டையை மையமாகக் கொண்டே நடந்தன.

அந்நியருக்கு ஓர் இடர் இருந்தது. சீதனம், முதுசொம், தேடியதேட்டம் பற்றிய வழக்குகளை எந்தச் சட்டத்தால் தீர்ப்பது? ஆளுநர் சீமன்ஸின் ஆணைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707இல் அளித்தார். தமிழாக்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பினர். அதுவே தேசவழமை. கோட்டைக்குள் சிலுவை வடிவத் தேவாலயம் எழுந்ததும் 1706இல்தான். கல்லிலும் ஏட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு கட்டடங்கள் எழுந்தன எனலாம்.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். 1990ஆம் ஆண்டுச் சண்டையில் தேவாலயம் அழிந்தது. தேசவழமையோ அழியவில்லை.

இதனைப் பெருமையாக மட்டும் எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. பன்னிரு முதலியார்களுள் பெண் ஒருத்தியும் இல்லை. உழுது பிழைத்த எளியவனும் இல்லை. அடிமைகளை உடைமையாகக் கருதிய விதிகளும் அத்தொகுப்பில் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது 1844இல்தான்.

1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. சம்மதம் பெற இயலாவிடின் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெறவேண்டும். 2009இல் போர் முடிந்தபின், கணவன் காணாமற்போன பெண்களுக்கு இவ்விதி எத்தகைய சுமையாயிற்று என்பதை நீதிமன்றச் செய்திகளோடு பழகிய எவரும் அறிவர். தாய் தந்த சீதனக் காணியை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்க விரும்பியவளும், இல்லாத ஒருவனின் சம்மதத்துக்கு ஈடாக நீதிமன்ற அனுமதியை நாட வேண்டியிருந்தது.

இடிந்த மதில்களை ஒல்லாந்து அரசின் உதவியுடன் செப்பனிட்டார்கள், நல்லதே. முருகைக்கல்லைப் பழையபடியே வைத்துக் கட்டுவதுதான் முறை. சட்டத்தை அவ்வாறு காப்பது முறையாகாது. அதனுள் வாழ்பவர்களைக் கேட்டே அதைத் திருத்த வேண்டும். இம்முறையாவது பெண்களையும் கேட்க வேண்டும்.