போன காற்றும் நின்ற வண்டியும்

பேருந்து நிலையத்துக்குள் வண்டி வந்து நின்றதும் 'புஸ்' என்று நீண்ட ஒரு மூச்சு கேட்கும். நாள்தோறும் கேட்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. காற்று பாய்ந்து சக்கரங்களை அழுத்திப் பிடிக்கிற ஓசை அது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. ஓட்டுநர் நிறுத்து பிரேக்கைப் போடும்போது பின்சக்கரங்களின் அருகே அடைபட்டிருந்த காற்று வெளியேறுகிறது. அது இருந்தவரை சக்கரம் உருண்டது. அது போனதால் சக்கரம் பூட்டிக்கொண்டது. காற்று பிரேக் என்று பெயர் வைத்துவிட்டுக் காற்று இல்லாமையைக் கொண்டு வண்டியை நிறுத்துகிற இந்தத் தலைகீழ் ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இதை மனிதர்கள் இரண்டு முறை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் ரயிலுக்கு, பிறகு லாரிக்கும் பேருந்துக்கும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றழுத்தத் தடுப்பான் என்று எழுதினால் தமிழ்த்துறைக்குப் பெருமை சேரலாம். ஆனால் ஓட்டுநர்கள் 'ஏர் ஏறலை', 'ஏர் இறங்கிடுச்சு' என்றுதான் பேசுகிறார்கள். ஏர் என்றால் கலப்பை மட்டுமே என்றிருந்த மொழி இதையும் தாங்கிக்கொண்டுவிட்டது. நானும் அவர்கள் வழியிலேயே எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ரயில்களை நிறுத்தியவர்கள் மனிதர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கைச்சக்கரம் உண்டு. எஞ்சின் விசில் ஊதியதும் பிரேக்மேன் எனப்பட்ட தொழிலாளர்கள் அதைத் திருகுவார்கள். பின் அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். சரக்கு ரயில் என்றால் ஓடும் வண்டியின் கூரைமீது மழையிலும் பனியிலும் நடக்க வேண்டும். தவறி விழுந்தவர்களும், பெட்டிகளை இணைக்கையில் நசுங்கியவர்களும் கணக்கிலடங்கார்.

இந்தச் சூழலில்தான் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் வருகிறார். 1846இல் பிறந்தவர். இலக்கியச் சிற்றிதழ்களுக்குச் சந்தா சேர்க்கும் நண்பர்களுக்கு அவர் வரலாற்றில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. சந்தா கேட்டு வந்த ஓர் இளம்பெண்ணிடம் மறுக்க மனமின்றி 'லிவிங் ஏஜ்' என்ற சஞ்சிகைக்கு அவர் பணம் கட்டியதாகவும், அதில் வந்த கட்டுரையொன்றில் ஆல்ப்ஸ் மலையின் மோன் செனி சுரங்கத்தை அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் துளைப்பான்களைக் கொண்டு குடைகிறார்கள் என்று படித்ததாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவ்வளவு தூரம் குழாயில் போய்ப் பாறையைக் குடையும் காற்று, ரயிலின் நீளத்துக்குப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்காதா என்பது அவர் கேள்வி. காற்றைக் கொண்டு ரயிலை நிறுத்துவதா என்று வாண்டர்பில்ட் என்ற ரயில்வே முதலாளி அவரை விரட்டியதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாக இருக்கிறது. அதனாலேயே அதைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும்.

1869 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தபோது வெஸ்டிங்ஹவுஸுக்கு வயது 22. அந்த முதல் வடிவம் மிக எளியது. எஞ்சினில் ஒரு காற்று பம்பு, ஒரு தொட்டி, அங்கிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு குழாய். ஓட்டுநர் வால்வைத் திறந்தால் காற்று குழாய்வழி ஓடி ஒவ்வொரு பெட்டியின் உருளையையும் தள்ளும்; பிரேக் பிடிக்கும். இதில் இரண்டு குறைகள். காற்று முன்பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிக்குப் போய்ச்சேர நேரமாகும். அது சிறிய குறை. குழாய் வெடித்தாலோ பெட்டிகள் கழன்றாலோ பிரேக்கே கிடையாது என்பதுதான் பெரிய குறை. எப்போது அது மிகவும் தேவையோ அப்போது அது இல்லாமல் போகும்.

1872இல் அவர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தொட்டி வைத்தார். ரயில் ஓடும்போதெல்லாம் குழாயில் அழுத்தம் நிரம்பி நிற்கும். பெட்டியின் தொட்டியும் நிரம்பியிருக்கும். ஓட்டுநர் பிரேக் போட விரும்பினால் குழாயிலிருந்து காற்றை வெளியே விடுவார். அழுத்தம் குறைந்ததைத் 'டிரிபிள் வால்வு' என்ற சிறு கருவி உணர்ந்து, பெட்டியின் சொந்தத் தொட்டிக் காற்றை உருளைக்குள் திருப்பிவிடும். இப்போது குழாய் அறுந்தால் என்ன ஆகும்? அழுத்தம் குறையும். ஆகவே பிரேக் பிடிக்கும். பழுது என்பதே 'நில்' என்ற ஆணையாகிவிட்டது. அவருடைய ஏராளமான காப்புரிமைகளுள் இதற்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒரு நல்ல கருத்து பிறந்துவிட்டது என்பதனால் உலகம் அதை ஏற்றுக்கொண்டுவிடுவதில்லை. பிரிட்டனில் பல கம்பெனிகள் மலிவான வெற்றிட பிரேக்கைப் பயன்படுத்தின. அதன் எளிய வகையில், எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால்தான் பிரேக் பிடிக்கும். குழாயைக் கழற்றிவிட்டால் பிரேக் இல்லை. வெஸ்டிங்ஹவுஸின் முதல் வடிவத்தில் இருந்த அதே பெரிய குறை. தானே இயங்கும் பிரேக் வேண்டும் என்று அரசின் வர்த்தக வாரியம் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்திவந்தது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப்பள்ளிச் சிறுவர்களும் பெற்றோருமாக ஏறத்தாழ 940 பேருடன் ஓர் உல்லாசப் பயண ரயில் கடற்கரைக்குப் புறப்பட்டது. பதினைந்து பெட்டிகள். ஊரைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் மேலே கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். பின்னிருந்த பத்துப் பெட்டிகளைக் கழற்றினார்கள். கழற்றிய கணமே அவற்றின் வெற்றிட பிரேக் செத்துவிட்டது. எஞ்சியது கடைசி வண்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த சில கற்களும். முன்பாதி கிளம்பும்போது சற்றே பின்னுக்கு நகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் கீழ்நோக்கி ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த வழக்கமான ரயிலின்மீது மோதின. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

மூன்று மாதம் முடிவதற்குள், அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, பயணிகள் ரயில்களில் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தைத் தரும் சட்டம் நிறைவேறியது. 1872க்கும் 1889க்கும் இடையே பதினேழு ஆண்டுகள். அந்த இடைவெளியில் இல்லாதிருந்தது அறிவு அன்று.

அமெரிக்கச் சரக்கு ரயில்களின் கதை வேறு. 1886, 1887 ஆண்டுகளில் அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் ஐம்பது பெட்டி ரயில்களை வைத்துச் சோதித்தபோது, முன்பெட்டிகள் நின்ற பிறகும் பின்பெட்டிகள் வந்து மோதின. சிறிய குறை என்று நான் மேலே சொன்னது நீண்ட ரயிலில் பெரிதாகிவிட்டது. வெஸ்டிங்ஹவுஸ் வால்வை மறுபடி வடிவமைத்தார். ஒவ்வொரு பெட்டியும் தன் பங்குக்குக் குழாய்க் காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டுச் செய்தியை அடுத்த பெட்டிக்கு விரைவாகக் கடத்தும்படி செய்தார். 1893இல் அங்கும் சட்டம் வந்தது. கூரைமேல் நடந்த பிரேக்மேன்கள் மெல்ல மெல்ல இறங்கினார்கள்.

1920களில் காற்று பிரேக் சாலைக்கு வந்தது. ஜெர்மனியில் ரயில் பிரேக் செய்துவந்த குனோர் நிறுவனம் லாரிகளுக்கும் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் பெயர் பெண்டிக்ஸுடன் சேர்ந்து சாலை வண்டிகளுக்கு வந்தது. காரில் உள்ளதுபோல் எண்ணெய் பிரேக் போதாதா என்று கேட்கலாம். எண்ணெய் கசிந்தால் போயிற்று. காற்று சிறிது கசிந்தால் எஞ்சின் சுழற்றும் கம்ப்ரசர் மறுபடி நிரப்பிவிடும். டிரெய்லரைக் குழாய் மாட்டி உடனே இழுத்துச் செல்லலாம். மேலும் வலிமை. தொட்டியில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்று கொள்வோம். சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பரில் 30 சதுர அங்குல ரப்பர் சவ்வின்மீது அது முழுதாகப் பாய்ந்தால் 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோ விசை. அந்தச் சவ்வு ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஒரு நெம்புகோலைத் திருப்பும். நெம்புகோல் டிரம்முக்குள் 'எஸ்' எழுத்து வடிவிலான ஒரு முனையைச் சுழற்றி ஷூக்களை விரிக்கும். ஓட்டுநரின் கால் செய்வது வால்வைத் திறப்பது மட்டுமே.

எண்ணெய்போல் காற்று உடனே செயல்படாது. ஏறத்தாழ அரை நொடி தாமதம் உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடியில் வண்டி எட்டு மீட்டருக்குமேல் ஓடிவிடும். லாரிக்கு முன்னால் இருசக்கர வாகனத்தை நுழைக்கிறவர்கள் இந்த எட்டு மீட்டரைத்தான் திருடுகிறார்கள்.

கவனித்திருப்பீர்கள்: மிதித்தால் காற்று போய்த் தள்ளுகிற இந்த ஏற்பாடு, 1869இன் பழைய ஏற்பாடேதான். காற்று தீர்ந்தால் பிரேக்கும் தீரும். 1872இன் ஞானம் லாரியின் சக்கரத்துக்கு வேறு வடிவில் வந்து சேர்ந்தது. பின்சக்கர சேம்பரின் பின்புறம் இன்னொரு அறையைச் சேர்த்து, அதில் வலிய சுருள்வில் ஒன்றை வைத்தார்கள். காற்று அதை அழுத்தி மடக்கி வைத்திருக்கும்; காற்று போனால் வில் விரிந்து பிரேக்கைப் போடும். அமெரிக்க லாரிகளில் இது 1960களில்தான் பரவத் தொடங்கியது. பேருந்து நிலையத்தில் நாம் கேட்கும் மூச்சு இந்த அறையிலிருந்து வருவது. மடங்கிய அந்த வில் ஆளைக் கொல்லும் வலிமையுடையது. அதனால் அந்த அறையைப் பிரிக்கக் கூடாது என்பது பட்டறையின் முதல் பாடம். வழியில் காற்று இழந்து நின்ற வண்டியை இழுக்க வேண்டுமானால், பின்னாலுள்ள நீண்ட திருகைக் கொண்டு வில்லைக் கையால் மடக்க வேண்டும். பிற்பாடு முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிக் காற்றுச் சுற்றுகளும் வந்தன. தமிழகத்தில் இக்கருவிகளின் தயாரிப்பு 1962இல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் வழியே சென்னைப் பாடியில் வேர்கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் 'பிரேக் பிடிக்காததால் லாரி மோதியது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலான தொப்பூர் கணவாயின் இறக்கம் இத்தகைய செய்திகளுக்குப் பெயர்பெற்றது. அந்த வாக்கியத்தின் இலக்கணத்தை நான் நம்புவதில்லை. எழுவாயாக பிரேக்கை உட்காரவைத்துவிட்டு மனிதர் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

25 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சிறிய கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்கும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கினால் பெரும்பகுதி டிரம்முக்குப் போகும். எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரசரும் குறைவாகவே காற்று தரும். ஓட்டுநரோ மிதித்து மிதித்து விடுவார், ஒவ்வொரு முறையும் காற்று வெளியே போகும். டிரம் சூடேறி விரியும். லைனிங் பிடிமானம் இழக்கும். விரிந்த டிரம்மை எட்ட, தண்டு கூடுதல் தூரம் போக வேண்டும். அதன் மொத்த ஓட்டமே சுமார் இரண்டரை அங்குலம்தான். லைனிங் ஏற்கெனவே தேய்ந்து சரிசெய்யப்படாமல் இருந்தால், தண்டு தன் எல்லையை எட்டிவிடும். தொட்டி நிறையக் காற்று இருந்தும் ஷூ டிரம்மை அழுத்தாது. சுருள்வில்லும் காப்பாற்றாது, ஏனெனில் அதுவும் அதே தண்டைக் கொண்டு அதே டிரம்மைத்தான் பிடிக்க வேண்டும். வெஸ்டிங்ஹவுஸின் தலைகீழ் ஏற்பாடு காற்று இழப்புக்கு மருந்து. வெப்பத்துக்கும் கவனக்குறைவுக்கும் அன்று.

அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்வது சக்கரத்தின் உட்புறம் உள்ள ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலின் திருகு. வண்டிக்கடியில் படுத்து ஸ்பேனரால் திருப்ப வேண்டும். சில நிமிட வேலை. வழக்கமாக அதைச் செய்தவர் கிளீனர். கூரையிலிருந்து இறங்கிய பிரேக்மேனின் கடைசி வாரிசு அவர் என்று சொல்லலாம். இன்று பல லாரிகள் கூலிச் செலவைக் கருதிக் கிளீனர் இல்லாமலே ஓடுகின்றன. புதிய வண்டிகளில் தானாகவே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் வருகிறது. அதைக் கையால் அடிக்கடி திருக வேண்டிய நிலை வந்தால் திருகிவிட்டுப் போகாதீர்கள், வேறெங்கோ பழுது இருக்கிறது, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று ஓட்டுநர் கையேடுகள் அறிவுறுத்துகின்றன. படுத்துப் பார்க்கும் வேலை அப்போதும் எவரேனும் ஒருவருக்கு இருக்கத்தான் செய்கிறது.