மனைவியின் வரவும் மாதச் சம்பளமும்

ஒரு மனிதன் தன் மனைவியோடு ஒரு கூரையின்கீழ் வாழ்வதற்கு மாதம் எவ்வளவு பணம் வேண்டும்? பெண் கொடுக்கும் வீட்டார் இதனைக் கேட்பது உலக வழக்கு. ஆனால், நாட்டின் வாயிலில் நின்று சர்க்கார் இதனைக் கேட்கத் தொடங்கியது எக்காலம்? யாரிடம் கேட்டது? யாரிடம் கேளாமல் விட்டது? இவற்றை நம்மவர் வரலாற்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேராக் மாநிலத்தில், பால்மரம் அழிந்து செம்பனை ஓங்கிவிட்ட தோட்டமொன்றில் யான் கிராணி வேலை பார்த்து வருகிறேன். சில திங்களுக்கு முன் லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். தமிழ்நாட்டில் விவாகம் செய்துகொண்டு திரும்பியவர். மனைவியை இங்கு அழைத்துக்கொள்ள வேண்டும். "ஐயா, என் சம்பளத்தைக் காட்டி ஒரு கடிதம் வேண்டும். ஓவர்டைமையும் சேர்த்தே எழுதுங்கள். தொகை சிறுத்துப்போனால் அவளை உள்ளே விடமாட்டார்களோ என்று பயமாயிருக்கிறது" என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை ஓர் எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை. இவருடைய பாட்டியார் இதே தோட்டத்திற்கு வந்தபோது அவர் கணவரிடம் இத்தகைய கடிதத்தை யாரும் கேட்கவில்லையே, அது ஏன்?

விடை பழைய செக்ரோல் புத்தகங்களில் இருக்கிறது. 1907-இல் மலாயாவில் தமிழர் குடிவரவு நிதி என்பதொன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிமார் தாங்கள் வைத்திருந்த தொழிலாளர் கணக்குப்படி அதற்குப் பணம் செலுத்தினர். அப்பணத்தைக்கொண்டு கங்காணிமார் திரட்டிய ஆட்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இலவசமாகக் கப்பலேற்றப்பட்டுப் பினாங்கில் இறங்கினர். அங்கிருந்து ஈப்போ, தைப்பிங், தெலுக் ஆன்சன் முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். கணவனோடு மனைவி வந்தால் அவளுக்கும் கப்பற் கூலி கிடையாது. இதனைக் கருணை என்று கொள்ளுதல் பிழை. மறுநாட் காலை அவள் பெயரும் பெரட்டில் கூப்பிடப்பட்டது. அவள் கையிலும் பால் வாளி ஏறிற்று. அவள் மனைவியாக உள்ளே விடப்பட்டாளில்லை. ஓர் ஆளாகவே விடப்பட்டாள்.

அந்த ஆளின் விலையையும் பார்ப்போம். 1938-இன் தொடக்கத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. திங்களுக்கு 26 நாள் தவறாது உழைத்தால் அவனுக்கு 13 வெள்ளி. அவளுக்கு 10 வெள்ளி 40 காசு. அக்குடும்பத்தின் வருவாயில் ஏறக்குறைய பாதி அவள் ஈட்டியது. அவ்வாண்டிலேயே முதலாளிமார் கூலியை 45 காசும் 36 காசுமாகக் குறைத்தனர். இந்தியச் சர்க்கார் சினந்து, 1938 ஜூன் 15 முதல் உதவிபெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடுத்தது. அத்தடை நியாயமானதே. ஆயினும், மனைவியைப் பின்னர் அழைத்துக்கொள்ளலாம் என்று ஊரில் விட்டு வந்தவனுக்கு இலவசக் கப்பல் அன்றோடு நின்றது. அதன்பின் போர் வந்து கடல்வழியையே அடைத்துவிட்டது.

போருக்குப் பிந்திய மலாயாவில் புதிய ஆள் தேவைப்படவில்லை. தேவை நீங்கியதும் கேள்வி பிறந்தது. 1953 ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின்கீழ், புதிதாக வேலைக்கு வருவோனுக்கு மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத சம்பளம் உறுதியாயிருக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 26 நாளால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 19 வெள்ளிக்கு மேல்! சில வெள்ளிகளே நாட்கூலியாகப் பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி அவ்வாயிலை எண்ணியும் பார்க்க முடியாது. ஏற்கெனவே இங்கிருந்தோரின் மனைவி மக்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. 1959-இல் அக்கதவும் ஒடுங்கிற்று. கணவனைப் பிரிந்து தொடர்ந்து 5 ஆண்டு வேறு நாட்டில் வாழ்ந்த மனைவியும், 6 வயது நிரம்பிய பிள்ளைகளும் தடுக்கப்பட்டனர்.

அன்பர்களே, இவ்விதியைச் சற்று நின்று நோக்குங்கள். ஐந்தாண்டு பிரிந்திருந்தவர் யார்? ஆண்டுதோறும் ஊர் சென்று வரவும், குடும்பத்தைக் கப்பலேற்றி அழைத்துவரவும் வசதி படைத்த வணிகர் அல்லர். 'ரஜூலா'க் கப்பலின் மேற்தட்டுக் கூலிக்கே ஆண்டுக்கணக்காகக் காசு சேர்த்த ஏழையே பிரிந்திருந்தான். அவனுடைய வறுமையே அவனது மணவாழ்வுக்கு எதிர்ச்சாட்சியாகக் கொள்ளப்பட்டது.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இலங்கையில் 1949-இல் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர், தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் தாங்குவதற்குப் போதிய வருமானமோ தொழிலோ உண்டென்று காட்டவேண்டியிருந்தது; மனைவி விட்டு நீங்காது அங்கேயே வசித்தாள் என்றும் நிறுவ வேண்டியிருந்தது. தேயிலையால் அத்தீவையே தாங்கியவர்களைப் பார்த்து, "உன்னைத் தாங்க உன்னிடம் என்ன உண்டு?" என்று கேட்டது அச்சட்டம். விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8 இலட்சம். உரிமை பெற்றோர் அவர்களில் ஆறில் ஒரு பங்கினரே.

பிரிட்டனிலோ இக்கேள்வி வெளிப்படையான ஒரு தொகையாகவே நிற்கிறது. வேற்று நாட்டு மனைவியையோ கணவனையோ அழைப்பதற்கு ஆண்டு வருமானம் 18,600 பவுன் வேண்டுமென்று 2012-இல் விதித்தனர். 2024 ஏப்ரலில் அதனை 29,000 ஆக உயர்த்தினர். வந்தபின் அம்மனைவி ஈட்டக்கூடிய ஊதியம் இக்கணக்கில் சேர்வதில்லை.

"வருகிறவள் நாட்டுக்குச் சுமையாகாதிருக்க வேண்டாவோ?" என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. ஆனால், சம்பளச் சீட்டு அளப்பது சுமையை அன்று; வகுப்பை. இருவர் கூலியால் ஒரு குடும்பம் நடந்ததென்பதை 1938-ஆம் ஆண்டுக் கணக்கே காட்டுகிறது. அவள் உழைப்பு முதலாளிக்கு வேண்டியிருந்தபோது அவளை எண்ணினார்கள். அவள் கணவனுக்கு மட்டும் வேண்டியவளானபோது அவனது சீட்டை மட்டும் எண்ணினார்கள். பெண்ணைச் சுமையென்று கருதும் பழைய மூடக்கொள்கை, ஆபீசுக் காகிதத்தில் புது வேடம் பூண்டு வந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

நிற்க. நம்மவர்க்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முதலாவது: கோயிலில் மாலை மாற்றியதோடு விவாகம் முடிந்ததென்று இராதீர்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் பத்திரமாக வையுங்கள். சட்டம் மாறும்வரை காகிதமே ஏழையின் வாய்.

இரண்டாவது இதனினும் பெரிது. நம் பாட்டன்மார் வாழ்ந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நேபாளரும் வாழ்கின்றனர். உயர்ந்த சம்பளத்தில் வரும் வெளிநாட்டு உத்தியோகஸ்தர் மனைவி மக்களை உடன் அழைத்து வரலாம். இத்தொழிலாளர்க்கோ தற்காலிக வேலை அனுமதியின்கீழ் அவ்வுரிமை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஈப்போவின் உணவுக்கடைகளில் தோசை வார்க்கும் நம் சகோதரர்க்கும் அதே நிலைதான். இரவில் லயத்துப் படிக்கட்டில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசும் அம்மனிதரைக் காணும்போது, நம்மில் எத்தனை பேருக்கு நம் பாட்டன் நினைவு வருகிறது?

லாரி ஓட்டும் இளைஞருக்கு ஓவர்டைமையும் சேர்த்தே கடிதம் கொடுத்தேன். அது பொய்யன்று, அவர் உழைத்த கூலி. அவர் மனைவி வந்து சேரட்டும். ஆனால், அவர் பக்கத்து வீட்டு வங்காள தேசத்துத் தொழிலாளி என் மேஜைக்கு முன் வந்து நின்றால், அவருக்கு எழுதிக்கொடுக்க என்னிடம் எந்தக் கடிதமும் இல்லை. அக்கடிதத்தை எழுதக்கூடியது சட்டம் ஒன்றே. அதனை எழுதச் செய்யும் கடமை, அவ்வழியே வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு உண்டு.