தயிர்ப்பானை வந்த வழி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் யாரும் லா ஃபோந்தேனிடமிருந்து தப்பியிருக்க முடியாது. அவருடைய பாட்டுக் கதைகளை மனப்பாடம் செய்து, கைகட்டி நின்று ஒப்பிக்க வேண்டும். அப்படி நான் ஒப்பித்தவற்றில் ஒன்று பெரெத் என்ற பால்காரியின் கதை. தலையில் பால்குடத்தோடு ஊருக்குள் விற்கப் போகிறாள். பால் விற்ற காசில் முட்டை, முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு, பிறகு பன்றி, அதை விற்றுப் பசுவும் கன்றும் என்று நடக்கும்போதே கணக்குப் போடுகிறாள். கன்று துள்ளுவதை நினைத்துத் தானும் துள்ள, குடம் விழுந்து பால் எல்லாம் மண்ணோடு போகிறது.

வீட்டில் இதைத் தமிழில் சொன்னபோது என் ஆயா சிரித்தார். "இது நம்ம தயிர்க்காரி கதைதானேடா!" என்றார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, நூலகத்தில் தியோடோர் பென்ஃபை என்ற ஜெர்மானிய அறிஞரைப் பற்றிப் படித்தேன். அவர் 1859-இல் பஞ்சதந்திரத்தை ஜெர்மன் மொழியில் வெளியிட்டு, அதோடு நீண்ட ஆராய்ச்சி முன்னுரையும் எழுதினார். ஐரோப்பாவில் வழங்கும் கதைகளில் பெரும்பாலானவை இந்தியாவில் பிறந்து பரவியவை, விலங்குக் கதைகளில்தான் கிரேக்கத்துக்குப் பெரும் பங்கு என்பது அவர் முடிவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "லா ஃபோந்தேன் நம்மிடம் திருடியதுதான் எல்லாம்" என்று அலுவலக நண்பர்களிடமும் பிறகு என் பிள்ளைகளிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அதில் இரண்டு தவறுகள் இருந்தன.

முதலாவது, அது திருட்டே அல்ல. பெரெத் கதை இடம்பெற்ற 1678-ஆம் ஆண்டுத் தொகுப்பின் முன்னுரையிலேயே, பில்பே என்ற இந்திய அறிஞருக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக லா ஃபோந்தேன் எழுதியிருக்கிறார். பஞ்சதந்திரம் அவர் கைக்கு வந்த வழியும் தெரிந்ததுதான். ஆறாம் நூற்றாண்டில் பாரசீக அரசர் குஸ்ரோவின் அரண்மனை மருத்துவர் புர்சோய் அதைப் பாரசீக மொழிக்குக் கொண்டுபோனார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் ஆக்கினார். அதன் பிற்காலப் பாரசீக வடிவத்திலிருந்து ஒரு பகுதி 1644-இல் பாரிசில் பிரெஞ்சில் வெளிவந்தது.

வழியில் கதையும் மாறிக்கொண்டே வந்தது. பஞ்சதந்திரத்தில் கனவு காண்பவன் ஒரு பிராமணன். பானையில் இருப்பது மாவு. அவன் கனவில் மனைவியை உதைக்க, பானை உடைகிறது. அரபியில் அது தேனும் நெய்யும். 1335-இல் ஸ்பெயின் நாட்டு தோன் ஹுவான் மனுவேல் எழுதிய நூலில், தேன்பானையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போகும் பெண் வந்துவிடுகிறாள். மாக்ஸ் முல்லர் 1870-இல் இந்த ஒரு கதையின் பயணத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்.

இரண்டாவது தவறு பெரியது. 1893-இல் ஜோசஃப் பெதியே என்ற பிரெஞ்சு அறிஞர், பென்ஃபை வழியினரை மறுத்து எழுதினார். ஒரு கதை முதலில் எங்கே எழுதப்பட்டது என்பதை வைத்து, அது அங்கேதான் பிறந்தது என்று சொல்ல முடியாது என்றார். குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது உடனே புரிந்தது. தபாலில் நாம் குத்தும் முத்திரை, கடிதம் நம் அலுவலகத்துக்கு வந்த தேதியைத்தான் காட்டும். எழுதிய தேதியை அல்ல. அந்தப் பிராமணன் பஞ்சதந்திரத்தில் ஏறுமுன் எத்தனை வாய் கடந்து வந்தானோ!

பின்னர் வந்தவர்கள் பிறப்பிடத்தைத் தேடும் முன் கதைகளை வகைப்படுத்த முனைந்தார்கள். பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910-இல் கோப்புக்கு எண் போடுவதுபோலக் கதைகளுக்கு எண் கொடுத்தார். அமெரிக்கரான ஸ்டித் தாம்ஸன் 1928-இலும் 1961-இலும் அதை விரிவாக்கினார். 2004-இல் ஜெர்மனியின் ஊத்தர் திருத்தி வெளியிட்டார். ஆகாயக் கோட்டை கட்டும் நம் கதையின் எண் 1430.

இப்போது ஆயாவின் தயிர்க்காரிக்கு வருகிறேன். பஞ்சதந்திரத்தில் இருப்பவன் ஆண். தலைச்சுமையோடு நடக்கும் ஆயாவின் தயிர்க்காரியோ பெரெத்துக்குத்தான் நெருங்கிய உறவு. அப்படியானால் அவள் இந்த மண்ணிலேயே பிறந்தவளா? அல்லது பிரெஞ்சுப் பள்ளிக்குப் போன யாரோ ஒரு பிள்ளை, என்னைப்போலவே வீட்டில் வந்து சொல்லி, அது ஆயாவின் காதுவரை வந்ததா? "உனக்கு இதை யார் சொன்னது ஆயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். பெருமையடித்துக்கொள்ளத் தெரிந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

க்ரிம் சகோதரர்கள் 1815-இல் தங்கள் இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், தங்களுக்குக் கதை சொன்ன டோரதியா ஃபீமன் என்ற தையற்காரர் மனைவியைப் பற்றி எழுதிவைத்தார்கள். அதனால்தான் இன்றும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது.

வீட்டில் கதை சொல்லும் பெரியவர்கள் இருந்தால், கதையை மட்டும் எழுதி வைக்காதீர்கள். சொன்னவர் பெயர், ஊர், அவருக்கு யார் சொன்னது, எந்த வயதில் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பள்ளி நோட்டு போதும். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தயிர்க்காரி கதையை ஆயா சொன்னபடியே எழுதினேன். 'யார் சொல்லிக் கேட்டது' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.