மயிலை வகுப்பறையும் மத்திய மானியமும்



நம் இளையோர் மாலைதோறும் நடத்திவரும் இலவசப் பாட வகுப்புக்கு வெளியிலிருந்து நிதியுதவி கோரலாமா என்ற பேச்சு சில மாதங்களாக நம்மிடையே நடந்து வருகிறது. ‘கேட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்பாரும் உளர். ‘வாங்கினால் கைகட்டி நிற்க வேண்டுமே’ என்பாரும் உளர். ஆகவே, நம் மயிலையிலேயே முளைத்த ஒரு வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

சாந்தோமிலிருந்து அடையாறு செல்வோர் திரு.வி.க. பாலத்திற்கு முன் கடக்கும் சாலை, டாக்டர் துர்காபாய் தேஷ்முக் பெயரைத் தாங்கியது. சாலையை அறிந்த அளவுக்கு அம்மையாரை நாம் அறிந்தோமில்லை.

1909-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் மணம் செய்விக்கப்பட்டுப் பின்னர் அப்பந்தத்தினின்று விலகியவர். காக்கிநாடாவில் பெண்களுக்கு இந்தி கற்பிக்கப் பள்ளி தொடங்கியபோது அவரே ஒரு சிறுமிதான். 1930-ல் சென்னை உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை புகுந்தார். அதன் பின்னரே காசி இந்துப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனியாகப் படித்து எழுதித் தேறினார்.

தாம் ஏறிய ஏணியை அவர் மற்றப் பெண்களுக்கும் சாத்தி வைத்தார். மயிலாப்பூரில் சிறுமியர் குழுவாகத் தொடங்கியது, 1937-ல் ஆந்திர மகிளா சபாவாயிற்று. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களும் இளம் விதவைகளும் அங்கே அதே காசித் தேர்வுக்குப் படித்தனர். அப்போது டில்லியில் மானியம் வழங்கும் வாரியம் ஏது? சந்தாவும் நன்கொடையுமே துணை. வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்பதன் கூச்சம் நம் இளையோருக்குத் தெரியும்.

அரசியல் நிர்ணய சபையில் பணியாற்றிய அவர், 1952-ல் திட்டக் கமிஷன் உறுப்பினரானார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கென 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதனைப் பகிர்ந்தளிக்க 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. துர்காபாயே முதல் தலைவி. அரசு தானே நிலையங்களைத் திறப்பதைவிட, ஏற்கெனவே உழைத்து வரும் சிறு சங்கங்களுக்குக் கைகொடுப்பது மேல் என்பது அவ்வாரியத்தின் அடிப்படை. 1958-ல், படிப்பை இழந்த பெண்களுக்குச் சுருக்கக் கல்வித் திட்டத்தையும் வாரியம் தொடங்கிற்று. மயிலை வகுப்பறை நாடெங்கும் பரவியது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் மானியம் என்பது கணக்கும் சான்றும் கேட்கும். ஆண்டுதோறும் காத்திருக்கவும் வைக்கும். அம்மையார் 1981-ல் மறைந்தார். வாரியமே 2022-ல் மூடப்பட்டது. வெளிநாட்டு நிதியை நம்புவோர்க்கும் வழி குறுகிவிட்டது. 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி அப்பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடில்லிக் கிளைக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. பெற்ற நிறுவனம் அதனை மற்றொரு நிறுவனத்திற்குக் கொடுக்கவும் கூடாது. பெரிய நிறுவனங்களின் வழியே உதவி பெற்றுவந்த சிறு இளைஞர் குழுக்களுக்கு இது பேரிடி.

இவற்றையெல்லாம் இளையோரிடம் எடுத்துரைத்தோம். அவர்கள் கணக்கேட்டைக் கொண்டுவந்து விரித்தனர்: பாட நூல்கள், மின்கட்டணம், சுண்ணக்கட்டி, பிள்ளைகளுக்குச் சுண்டல். நூல்களுக்கு மட்டும் உதவி கோரி விண்ணப்பிப்பது என்றும், மற்றவற்றைப் பங்குச் சந்தாவிலேயே நடத்துவது என்றும் முடிவாயிற்று. சுண்டல் வார முறைப் பட்டியலில் இன்னும் மூன்று வீடுகள் தேவைப்படுகின்றன.