தெராஸும் அர்கமாஸும்: புதுச்சேரிக் கட்டட வழக்கில் இரு பிரெஞ்சுச் சொற்களும் அவற்றின் தமிழாக்கமும்

புதுச்சேரியின் பழைய வீடுகளைக் குறிக்கும் பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்போர் ‘தெராஸ்’, ‘அர்கமாஸ்’ என்னும் இரு சொற்களையும் எதிர்கொள்வர். இரண்டும் தட்டையான மேற்கூரையைச் சுட்டுவன. ஆதலின் இரண்டிற்கும் ‘மொட்டை மாடி’ அல்லது ‘தளம்’ என்று ஒரே சொல்லை இட்டுவிடுவது எளிது. அவ்வாறு இடும்போது இழக்கப்படுவது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல்லும் பொருளும்

‘தெராஸ்’ என்பது நிலத்தைக் குறிக்கும் ‘தேர்’ என்னும் சொல்லின் வழியது. மண்ணை மேடாக்கிச் சமன்செய்த பரப்பு என்பதே அதன் பழம்பொருள். வீட்டின்மேல் ஏறிய பின்னும் அச்சொல் நிற்கும் இடத்தையோ தட்டையான வடிவத்தையோதான் குறிக்கிறது. அப்பரப்பு எதனால் ஆனது என்று கூறுவதில்லை. ‘அர்கமாஸ்’ இதற்கு நேர்மாறானது. சாந்து, காரை எனப் பொருள்படும் ‘அர்கமாஸா’ என்னும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிரெஞ்சிந்திய வழக்கிற்கு வந்தது. எனவே இது முதற்கண் ஒரு பொருளின் பெயர். ‘அர்கமாஸால் வேய்ந்த வீடு’ என்னும் தொடரில் உள்ள ஆல் உருபு, ‘ஓலையால் வேய்ந்த வீடு’ என்பதில் உள்ள அதே ஆல் உருபே.

புதுச்சேரியை நிறுவிய பிரெஞ்சுக்காரர் இக்கூரைக்குத் தம் தாய்நாட்டுச் சொல்லைத் தேடாமல், கிழக்குக் கடலில் தமக்கு முன்வந்தவரின் சொல்லை எடுத்துக்கொண்டது கருதத்தக்கது. தட்டைக் கூரையையும் கைப்பிடிச் சுவரையும் கண்டவுடன் ‘பிரெஞ்சுப் பாணி’ என்று எழுதிவிடும் வழக்கம் சுற்றுலா நூல்களைக் கடந்து ஆய்வேடுகளிலும் நுழைந்துவிட்டது. வாயில் வளைவுக்கும் தூண்வரிசைக்கும் அது பொருந்தலாம், கூரைக்குப் பொருந்தாது. ஆங்கிலேயர் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று அழைத்ததும் இதே கூரையையே. தமிழர் தெருக்களில், முன்புறம் ஓடு வேய்ந்த தாழ்வாரம் உடைய வீடுகள் பலவற்றின் உட்பகுதியிலும் இக்கூரை உண்டு.

கூரையின் அமைப்பு

சுவர்களின்மேல் மர உத்தரங்களும், அவற்றின் குறுக்கே நெருக்கமாக மரச்சட்டங்களும் வைக்கப்படும். மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, படுக்கையாக அன்றிச் செங்குத்தாக, சட்டங்களுக்கு மூலைவாட்டத்தில் வரிசையாக ஒட்டிச் செல்வர். இவ்வரிசை இறுகியபின் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை பரப்பப்படும். இதனைக் கட்டைகளால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவர். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பர். கலவை தன் பருமனில் கணிசமாகக் குறைந்து, கட்டை பட்டதும் துள்ளும் பதம் வரும்வரை இது நீளும். அதன்மேல் தட்டோடு பதித்து, மழைநீர் வடிய வாட்டம் வைப்பர். சுண்ணாம்புக்குக் கடற்கரையின் கிளிஞ்சல் பயன்பட்டது.

நாட்கணக்கில் தட்டப்படும் அந்தச் சுண்ணாம்புப் படலமே அர்கமாஸ். அதன்மேல் மாலையில் காற்று வாங்க ஏறி நிற்கும் வெளியே தெராஸ்.

தமிழில் நிகர்ச்சொல்

‘தளம்’ என்னும் சொல் இங்கு உதவாது. கோயில் விமானத்தை ஏகதளம், துவிதளம் என எண்ணும்போது அது அடுக்கு. ‘தளவரிசை’ என்னும்போது பாவிய தரை. ‘தளம் போடுதல்’ என்னும் இன்றைய கட்டட வழக்கில் கம்பி கட்டி ஊற்றும் கான்கிரீட். இம்மூன்றாவது பொருள் மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ‘மெத்தை’ என்னும் வழக்கு அழகியது. எனினும் அது மேல்மாடியையே குறிக்கும். ‘மெத்தை வீடு’ என்பதில் கூரையின் பொருள் தெரிவதில்லை.

தென்மாவட்டங்களில் வழங்கும் ‘காரை வீடு’ என்னும் தொடரோ அர்கமாஸுக்கு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் நிகரானது. காரை என்பது சுண்ணாம்புச் சாந்து; அதனால் முடிந்த வீடு காரை வீடு. ஓலை வீடு, ஓட்டு வீடு என்னும் வரிசையில் அதுவும் பொருளால் பெயர்பெற்றது. எனவே அர்கமாஸைக் ‘காரைத்தளம்’ என்றும், தெராஸை ‘மொட்டை மாடி’ என்றும் பிரித்து வழங்குவதே தக்கது.

இது சொல்லளவில் நிற்கும் வேறுபாடன்று. 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கைக்குப் பின்னரும், வீட்டு உரிமையின் பழைய சான்றுகள் பிரெஞ்சுப் பத்திரங்களாகவே பல குடும்பங்களிடம் உள்ளன. பத்திரத்தில் உள்ள அர்கமாஸ் ‘தளம்’ என மொழிபெயர்க்கப்பட்டால், பழுதுபார்ப்பவர் அதனைக் கான்கிரீட் தளமாகவே கொள்வார். ஒழுகும் இடத்தில் சிமெண்டுப் பூச்சு இடுவார். மரத்தின் அசைவுக்கு இணங்கி நெகிழ்ந்து, உள்ளிறங்கிய ஈரத்தை வெளிவிடுவது சுண்ணாம்பு. சிமெண்டு விறைத்து நின்று ஈரத்தை உள்ளே அடைக்கும். சட்டங்களின் முனை, சுவருக்குள் புகும் இடத்தில், வெளியே தெரியாமல் உளுத்துப்போகும்.

கடல் கடந்த சொல்

லபூர்தொன்னே 1735 முதல் பிரெஞ்சுத் தீவுகளின் ஆளுநராக இருந்த காலத்தில் புதுச்சேரிக் கைவினைஞர்கள் மொரிசியசுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இந்தியக் கொத்தர்களின் இவ்வேலைமுறை ரெயூனியன் தீவிலும் பரவியது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தெபாசேன் குடும்பத்தின் மாளிகை, இன்று வில்லேல் அருங்காட்சியகம், புதுச்சேரி வீடுகளின் சாயலில் அர்கமாஸ் கூரையோடு அமைந்தது.

அத்தீவில் இச்சொல் மேலும் ஒரு படி நகர்ந்தது. அடிமைகளின் உழைப்பால் விளைந்த காப்பிக்கொட்டையை உலர்த்தும் தரைக்கும் சுண்ணாம்புப் படலம் இடப்பட்டதால், அத்தரையே அர்கமாஸ் எனப்பட்டது. பொருளின் பெயர் இடத்தின் பெயராயிற்று. ஆகவே ரெயூனியன் ஆவணத்தில் வரும் இச்சொல்லைக் கண்டவுடன் கூரை என்று கொள்ளலாகாது. வேயப்பட்டது எது, உலர்த்தப்பட்டது எது என்று சூழலைப் பார்த்த பின்னரே பெயர்த்தல் வேண்டும். பின்னதற்குத் தமிழில் ‘காரைக்களம்’ என்பது பொருந்தும்.