மார்புக் கட்டு: சப்ரகமுவ தோட்டப்புறத் திருநம்பி இளையோர்

பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு, தம்மை ஆணாக உணர்கிற திருநம்பிகளும், ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர்களாக உணர்கிறவர்களும், மார்பு தட்டையாகத் தெரிவதற்காக இறுக்கமான உடை அணிவது மார்புக் கட்டு எனப்படும். இதற்கென்றே தைக்கப்பட்ட உள்ளாடைக்குப் பைண்டர் என்று பெயர். இது மார்பின் வளர்ச்சியை நிறுத்தாது, அளவையும் குறைக்காது. உடலில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வடிவத்தை மாற்றிக் காட்டும். பருவமடைந்த பின் கண்ணாடி பார்க்கவும் பாடசாலைக்குப் போகவும் கூசுகிற திருநம்பிப் பிள்ளைகளுக்கு அந்தச் சில மணி நேரமே பெரிய ஆறுதல். ஆனால் பிழையாகக் கட்டினால் விலா, முதுகு, தோல், மூச்சு எல்லாவற்றுக்கும் கேடு வரும்.

ஆரம்பத்தில் திருநம்பிகள் பயன்படுத்தியவற்றில், மார்பு பெருத்த ஆண்களுக்காகத் தயாரான இறுக்க உள்ளாடைகளும் உண்டு. திருநம்பிகளுக்கென்றே தைத்து விற்கும் நிறுவனங்கள் பின்னர் வந்தன. தைவானின் டி-கிங்டம், 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜிசி2பி ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மேற்கு நாட்டு வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தனி அறையும் வங்கி அட்டையும் எல்லோருக்கும் உண்டென்று அவை எடுத்துக்கொள்கின்றன. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் அந்த இரண்டும் அரிது.

ஆய்வுகள்

இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. மார்பைக் கட்டிப் பழகிய 1,800 வயது வந்தவர்களிடம் இணையவழியில் கேட்டு எழுதியது. முதுகுவலி, உடல் சூடேறுதல், மார்புவலி, மூச்சுத் திணறல், அரிப்பு என 28 வகைத் தொந்தரவுகளில் ஒன்றையாவது 97 சதவீதத்தினர் சந்தித்திருந்தார்கள். இதைப் பார்த்துக் கட்டவே கூடாது என்று முடிவு செய்வது அவசரம். மனம் தெளிந்ததாகவும் வெளியில் நடமாடத் துணிவு வந்ததாகவும் சொன்னவர்களும் அவர்களேதான். கட்டாத நாட்களை இடையிடையே விட்டவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது என்பதே அதன் மிகப் பயனுள்ள முடிவு. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் வளர்ந்தவர்கள். எலும்பும் மார்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினான்கு, பதினைந்து வயதினருக்குக் கூடுதல் கவனம் தேவை. திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டி, மார்புக் கட்டின் நன்மை தீமைகளை இளையோருக்கு மருத்துவத் துறையினரே எடுத்துச் சொல்ல வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது.

தோட்டத்துச் சூழல்

இரத்தினபுரி இலங்கையின் மழை மிகுந்த நகரங்களில் ஒன்று. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இந்த இரு மாவட்டங்களின் தேயிலையில் பெரும்பகுதி தாழ்நிலத்துத் தேயிலை. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் இறப்பரும் உண்டு. நுவரெலியாவின் குளிர் இங்கில்லை. புழுக்கத்தில் வியர்வை காயாது. இறுக்கிய துணிக்கடியில் வேர்க்குருவும் படையும் எளிதில் வரும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயக் காம்பராவில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகப் படுப்பதால், கட்டைக் கழற்ற மறைவிடம் இல்லாமல் இரவிலும் அதோடே தூங்கிவிடுகிற ஆபத்து உண்டு. குளிப்பதும் பலர் கூடும் பீலியில்தான். போதாக்குறைக்குப் பாடசாலைச் சீருடை மெல்லிய வெள்ளைத் துணி. உள்ளே என்ன இருக்கிறதென்று மழையில் நனைந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

பைண்டர் கிடைக்காத பிள்ளையின் கை முதலில் போவது பழைய சேலைக் கிழியலுக்கு, இல்லையேல் சுளுக்குக்குச் சுற்றும் மீள் பண்டேஜுக்கு. இரண்டும் வேண்டாம். பண்டேஜ் மூச்சோடு விரிந்து கொடுக்காமல், அசைய அசைய மேலும் இறுகும். விலா எலும்பில் வெடிப்பு விழவும் கூடும். பார்சல் ஒட்டும் டேப் அதைவிட மோசம். உரிக்கும்போது தோலையும் சேர்த்து எடுக்கும்.

கட்டும் முறை

இந்த இரு மாவட்டங்களின் வெப்பத்துக்கும் வசதிக்கும் பொருந்துவது விளையாட்டு பிரா என்பதே இக்கட்டுரையின் துணிபு. நகரத்து உடைக்கடையில் வாங்கலாம், கொடியில் காயப்போட்டாலும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மேலே ஒரு பருத்திப் பனியனும் தளர்ந்த சட்டையும் போட்டால் பெரும்பாலோருக்குப் போதும். பைண்டர்தான் வேண்டுமென்றால் மார்பின் பருத்த இடத்தை அளவு நாடாவால் அளந்து, நிறுவனத்தின் அளவு அட்டவணைப்படி வாங்க வேண்டும். ஓர் அளவு சிறியதாக வாங்குவதும், ஒன்றின்மேல் இன்னொன்றைப் போடுவதும் கூடாது. அணிந்தபின் முழு மூச்சு இழுக்கவும், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கவும் முடிய வேண்டும்.

எட்டு மணி நேரம் என்பதே வழமையான உச்ச எல்லை. புதிதாகத் தொடங்குபவர் ஓரிரு மணியில் தொடங்க வேண்டும். அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. மலையேறி வீடு வந்து சேரும் நேரத்தைச் சேர்த்தாலும் எல்லைக்குள் அடங்கும்; வந்தவுடன் கழற்றிவிட வேண்டும். பிறகு தளர்ந்த சட்டை போதும். உறங்கும்போது ஒருபோதும் கூடாது. சனி, ஞாயிறில் ஒரு நாளாவது உடலுக்கு விடுமுறை வேண்டும். பைண்டரைத் தினமும் துவைத்து, ஈரம் போகக் காயவைத்தே மறுபடி அணிய வேண்டும். மழைக்காலத்தில் அது காயாவிட்டால் அன்று விளையாட்டு பிராவே போதும்.

விளையாட்டுப் போட்டியிலும் உடலுழைப்பிலும் பைண்டர் ஆகாது. பாடசாலையை விட்டுக் கொழுந்து பறிக்கவோ இறப்பர் பால் வெட்டவோ போகிற மூத்த பிள்ளைகளுக்கு இது முக்கியம். சரிவில் ஏறி இறங்கிச் சுமை தூக்குகிறவருக்கு நெஞ்சு விரிய இடம் வேண்டும். மலையில் பெண்களும் பழைய ஆண் சட்டையை மேலே போட்டு வேலை செய்வதால், பெரிய சட்டை அங்கே யார் கண்ணையும் உறுத்தாது. இருமல், சளி, இளைப்பு உள்ள நாட்களிலும் கட்டக்கூடாது. ஆஸ்துமாவோ முதுகெலும்பு வளைவோ உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

உதவி

வைத்தியப் பரிந்துரையோடு பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றிக்கொள்ள 2016 முதல் இலங்கையில் வழி உண்டு. சான்றிதழை வழங்குபவர் மனநல விசேட வைத்தியர். மார்பைக் கட்ட எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பெற்றோரிலோ ஆசிரியரிலோ நம்பத்தக்க ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருப்பது பாதுகாப்பு. மனம் சோர்ந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய எண்களை அழைக்கலாம்.

விலாவில் குத்தும் வலி, கை மரத்துப்போதல், தலைசுற்று, தோல் புண் கண்டால் கட்டுவதை உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். கழற்றிய பிறகும் மூச்சு முட்டினால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. மார்பைக் கட்டி வந்ததை வைத்தியரிடம் மறைக்காதீர்கள்; அது தெரியாவிட்டால் வலியின் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கடினம்.