கண்வலிக் கிழங்கும் நெஞ்சு மருந்தும்

நெஞ்சுக்கு மூலிகை என்றதும் நம்ம பக்கம் மருதம்பட்டையைத்தான் சொல்வாங்க. பட்டையை இடித்துக் கஷாயம் வைப்பது பழைய வழக்கம். ஆனால் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் காடுகளில் நாம் கைப்பட வளர்க்கிற கண்வலிக் கிழங்குக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

கண்வலிக் கிழங்கு வேறொன்றும் இல்லை, செங்காந்தள்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொல்லும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான். இன்று நம் மாநில மலர். மலையில் தானாகப் படர்ந்த கொடி, பின்னாளில் விதைக்காகக் கம்பிப் பந்தல் ஏறியது. இந்தப் பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அப்படியே விட்டால் காய் குறைந்துபோகும். அதனால் காலை நேரத்தில் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கணும். கூலிக்கு அதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள்தான். நானும் போயிருக்கிறேன். குனிந்து நிமிர்ந்தே இடுப்பு விட்டுப்போகும்.

விதைக்கு விலை வருவது கோல்ச்சிசின் என்ற பொருளால். ஐரோப்பாவில் கோல்ச்சிகம் என்ற செடியிலிருந்து 1820இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்குத்தான் வெகுகாலம் கொடுத்தார்கள். ரத்தக்குழாயில் உள்ள அழற்சியையும் இது தணிக்குமா என்று பிறகு பார்த்தார்கள். கனடா ஆய்வாளர்கள் தலைமையில், பல நாடுகளில் மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 7.1 சதவீதம் பேருக்கும் மறுபடி இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தது. 2023இல் அமெரிக்க அரசு இதை இதய மருந்தாகவும் அனுமதித்தது. ஆனால் 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. அதனால் இதை அதிசய மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லணும். அந்த மாத்திரை வெறும் அரை மில்லிகிராம். நம்ம காட்டுக் கிழங்கும் விதையும் கொடிய விஷம், தின்று உயிர் போனவர்கள் உண்டு. மருந்து என்று கேள்விப்பட்டு யாரும் வீட்டில் அரைத்துக் குடிச்சிடாதீங்க. விதை உடைத்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசையாதீங்க, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் காயப் போடாதீங்க.

இவ்வளவு தூரம் போன சரக்குக்கு இன்றும் விலை சொல்வது வியாபாரிதான். விதை விலை விழுந்த வருஷம் காட்டுக்காரர் பந்தலைக் குறைப்பார், நமக்கு மகரந்த வேலையும் அத்தனை நாள் குறையும்.